முதல் மிடறு

"இன்னும் ரெண்டு மண்வெட்டி வேணும்! உங்கப்பன் என்ன சின்ன உடம்பா, கையகலக் குழியில போட்டு மூடறதுக்கு?"

பிஸ்விக் வாசலில் நின்று கத்தினான். மலிட்டா இடுப்புத் துணியை இறுக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினாள்.

சாவு வீட்டில் இப்படியா பேசுவது என்று ஒருவரும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது? என்டிராண்டே மலைச்சரிவில் குழி வெட்டுகிறவர்களுக்குப் 'பேரன்மார்' என்று பெயர். எந்த வீட்டுச் சாவானாலும் அன்றைக்கு அவர்கள் ராஜ்ஜியம்தான். அவர்கள் கேலி செய்தால் சிரித்துத் தொலைக்க வேண்டும், கேட்டதைக் கொடுக்க வேண்டும். இல்லையென்று சொன்னால் ஒரு கோழி அபராதம்.

மண்வெட்டிகள் வேலியோரம் கிடந்தன. அந்தப் பக்கம் அடுத்த வீட்டு ஃபலேசியின் புதுக் கக்கூஸ், இந்தப் பக்கம் இவர்கள் வேலி. இரண்டுக்கும் நடுவே தரை சொதசொதவென்று ஊறி, ஒரு சின்னக் குட்டை தேங்கியிருந்தது. நாற்றம் தாங்காமல் மலிட்டா மூக்கைப் பொத்திக்கொண்டு மண்வெட்டிகளை இழுத்தாள். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. குளக்... குளக்.

குனிந்து பார்த்தாள். குட்டைக்கு அடியில் அப்பாவின் குழாய் ஓடுகிறது. பின்பக்கத்து ரோட்டிலிருந்து கொல்லை வழியாக வாசல்வரைக்கும் அவரே பள்ளம் தோண்டிப் போட்டது, அந்தச் சந்துக்கே முதல் குழாய். குழாயின் இரண்டு துண்டும் சேரும் இடத்தில் சைக்கிள் டியூபைக் கிழித்து இறுக்கிச் சுற்றியிருந்தார். அவருக்கு எல்லாவற்றுக்கும் சைக்கிள் டியூப்தான் மருந்து. நாற்காலிக் கால் ஆடினாலும் டியூப், ரேடியோ மூடி கழன்றாலும் டியூப். அந்தச் சுற்று இப்போது தளர்ந்து நெளிந்து கிடந்தது. காலையிலிருந்து தண்ணீர் வரவில்லை. வெறுங்குழாய் குட்டையை உறிஞ்சிக்கொண்டிருந்தது. அவள் பார்க்கப் பார்க்கவே குட்டையின் விளிம்பு உள்ளே இறங்கியது.



போன வாரமும் இப்படித்தான் தண்ணீர் நின்று வந்தது. குழாய் உஸ்ஸென்று இரைந்ததும் சந்தே பக்கெட்டோடு ஓடி வந்தது. அப்பா சௌலோசி வழக்கம்போல எல்லாரையும் கையமர்த்தினார். யாருக்கு எதைக் குடிக்கக் கொடுத்தாலும் கொடுக்கிறவர் முதல் மிடறு குடித்துக் காட்ட வேண்டும், அது அந்த ஊர் மரியாதை. சூனியத்தை எடுப்பது என்பார்கள். மற்றவர்கள் அதை மதுவுக்குத்தான் செய்வார்கள். அப்பா தண்ணீருக்கும் செய்வார். முதலில் வருகிற தண்ணீரை எனாமல் கோப்பையில் பிடித்து, "இதுல சூனியக்காரி இருந்தா மொதல்ல என்னைப் புடிச்சுக்கட்டும்!" என்று முழுக் கோப்பையையும் அண்ணாந்து குடித்துவிட்டு வாயைத் துடைப்பார். அப்புறம்தான் பக்கெட்டுகள் முன்னே வரும்.

அன்றைக்கும் அப்படித்தான் குடித்தார். மறுநாளே படுத்துவிட்டார், வாந்தியும் பேதியும் விடாமல் போனது. சைக்கிளில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே அடங்கிவிட்டார். அம்மாவுக்கும் மலிட்டாவுக்கும் கொஞ்சம் வயிற்றைக் கலக்கியது, பிழைத்துக்கொண்டார்கள். முதல் கோப்பை அவருடையது அல்லவா?

"மண்வெட்டி கேட்டா மண்வெட்டி பண்ணப் போயிட்டியா?" என்று பிஸ்விக் மறுபடியும் குரல் கொடுத்தான். கொண்டுபோய்க் கொடுத்தாள்.

ஆண்கள் உட்கார்ந்திருந்த பாயிலிருந்து பெரியப்பா லாமெக் அவளைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"ஃபலேசி பயறு வேகவெச்சுக் கொண்டாந்தாளாமே? இவன் படுக்கறதுக்கு முந்தின நாளு?"

"நாங்களும்தானே சாப்பிட்டோம், பெரியப்பா."

"உங்களுக்கு இல்லடி. அவனுக்குன்னு சூனியம் வெச்சிருப்பா. அடக்கம் முடியட்டும், நான் பேசிக்கறேன்."

அப்போதே சொல்லியிருக்கலாம். என்னவென்று சொல்வாள்? உங்கள் தம்பியை அவர் போட்ட குழாயே கொன்றுவிட்டது என்றா? சந்தில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. குழாய்க்காரர்தான். அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் மனுஷனுக்கு நெஞ்சு ஒரு விரற்கடை நிமிரும்.

கல்லறையில் பாதிரியாரும் அதையே எடுத்தார். "வெயிலில் மலையேறித் தண்ணீர் சுமந்த பெண்களே, உங்கள் தலையிலிருந்து குடத்தை இறக்கிவைத்தவர் இங்கே படுத்திருக்கிறார்" என்றார். பெண்கள் ஓவென்று அழுதார்கள். ஃபலேசியும் அழுதாள், ஆனால் தள்ளி நின்று. அதற்குள் பேச்சு பரவிவிட்டது. அவள் பக்கத்தில் ஒருத்தரும் நிற்கவில்லை. போன மாதம் அவள் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றதும் தோளில் போட்டுக்கொண்டு ஓடியவர் அப்பாதான்.

அடக்கம் முடிந்து திரும்பும்போது வாசலில் குழாய் இரைந்துகொண்டிருந்தது.

தண்ணீர் வந்துவிட்டது. சமையலுக்கு நின்றிருந்த சபைப் பெண்கள் பேரன்மாருக்கென்று ஒரு பக்கெட் நிறையப் பிடித்து வைத்திருந்தார்கள். கையமர்த்த ஆள் இல்லை. குடித்துப் பார்க்கவும் ஆள் இல்லை. பக்கெட் பக்கத்தில் அப்பாவின் எனாமல் கோப்பை இருந்தது.

முழங்கைவரைக்கும் செம்மண்ணோடு பிஸ்விக் வந்து சேர்ந்தான். "எல்லாம் பாறை! உங்கப்பன் போற எடத்துலயும் எங்களை வேலை வாங்கிட்டான். தண்ணி கொடுங்கப்பா, பேரனுக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு." கோப்பையை முக்கி எடுத்தவன், வாய்வரைக்கும் கொண்டுபோய் நிறுத்தினான். "அடடா, மரியாதை போயிடுச்சே. இது குழாய்க்காரர் வீடு." கோப்பையை மலிட்டாவிடம் நீட்டினான். "அவரு இல்ல. நீதான் மூத்தவ. குடிச்சு, சூனியத்தை எடுத்துட்டுக் கொடு."

பின்னால் மற்ற பேரன்மார் வரிசையாக நின்றார்கள். வேலியோரம் பெண்கள் பக்கெட்டுகளைத் தலையில் ஏற்றத் தயாராக இருந்தார்கள். எல்லாரும் அவள் வாயையே பார்த்தார்கள்.

கோப்பை உதட்டில் சில்லென்று பட்டது. ஒரு மிடறு குடித்துவிட்டால் போதும், அப்பா பெயர் அப்படியே இருக்கும்.

மலிட்டா கோப்பையை எடுத்துத் தரையில் கவிழ்த்தாள்.

கொடுக்கிறவள் குடிக்க மாட்டேன் என்றால் அதற்கு அந்த ஊரில் ஒரே அர்த்தம்தான்.

"என்னடி இது?" பெரியப்பா எழுந்தே விட்டார். "சாவு வீட்டுல யாருக்கு விஷம் வெச்சிருக்க?"

"அப்பா ஏற்கெனவே குடிச்சுப் பார்த்துட்டாரு, பெரியப்பா."

"என்ன உளர்ற?"

"சூனியமும் இல்ல, பயறும் இல்ல. இந்தத் தண்ணிதான். கக்கூஸுக்குப் பக்கத்துல நம்ம குழாய் கட்டு விட்டுப்போச்சு. தண்ணி நின்னா அங்க இருக்கற கண்றாவியெல்லாம் உள்ள இழுக்குது. காலைல என் கண்ணால பார்த்தேன். தண்ணி வந்தா மொதல்ல அதுதான் வரும். மொதல்ல வர்றதை யாரு குடிச்சாங்க? நீங்களே சொல்லுங்க, யாரு குடிச்சாங்க?"

"அவன் போட்ட குழாயைப் பத்தியா பேசற?"

"அவரு போட்டதுதான்!" என்று மலிட்டா கத்தினாள். "ஃபலேசி அத்தைய விடுங்க!" பிணம் எடுக்கும்போதுகூட வராத அழுகை இப்போது வந்தது. ஐயோ அப்பா, ஐயோ என் அப்பா என்று பக்கெட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

வேலியோரம் ஒரு பெண் பக்கெட்டைக் கீழே வைத்தாள். பிஸ்விக் மண்வெட்டியோடு கொல்லைப்பக்கம் போனான். திரும்பி வந்தபோது முகத்தில் கேலி இல்லை. பக்கெட்டைக் காலால் சாய்த்துவிட்டு, "ஆமா" என்றான். அவ்வளவுதான். பெரியப்பா மெல்லப் பாயில் உட்கார்ந்தார்.

புருஷனைப் பறிகொடுத்தவள் அன்றைக்கு வாசல் தாண்டக் கூடாது. அம்மா தாண்டி வந்தாள். நேராக அடுப்புக்குப் போய், களி கிண்டுவதற்காகத் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்த பானையிலிருந்து ஒரு அகப்பைத் தண்ணீரை மொண்டாள். எனாமல் கோப்பையை அதிலேயே அலசிக் கொட்டினாள். மறுபடியும் மொண்டு, இன்னொரு கோப்பையும் எடுத்து, இதிலிருந்து அதற்கும் அதிலிருந்து இதற்குமாக ஆற்றினாள். செம்மண் கைகளோடு அத்தனை பேரும் காத்துக்கொண்டு நின்றார்கள்.

ஆறியும் ஆறாமலும் ஒரு மிடறு குடித்தாள். நாக்கு சுட்டிருக்க வேண்டும், கண்ணை ஒருமுறை இறுக மூடித் திறந்தாள். கோப்பையைப் பிஸ்விக்கிடம் நீட்டினாள்.

"இந்தா, பேரா."

அவன் இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தான்.

"ஃபலேசி, அங்க என்ன பண்ற?" என்று அம்மா வேலிப்பக்கம் பார்த்துக் கூப்பிட்டாள். "அடுப்பு அணையப் போகுது. ரெண்டு விறகு எடுத்துட்டு வா."

ஃபலேசி முகத்தைத் துடைத்துக்கொண்டு விறகோடு வந்தாள். அம்மா அடுத்த கோப்பையை ஆற்றி, அதிலும் முதலில் ஒரு மிடறு குடித்தாள்.