எண்பத்தெட்டு சதுர மீட்டர்

அப்பா இறந்த ஆறாவது மாதம், அண்ணன் அளவுத்தாளைக் கொண்டுவந்து அவள் மேசைமேல் போட்டான்.

“நம்ம நிலம்தான். உன் பாதியை அளந்துட்டேன். கணக்குப் போட்டு வரைபடம் எடு, பதிவுக்குக் குடுத்துடலாம்.”

இருவருக்கும் ஒரே நில அளவை அலுவலகத்தில் வேலை. அவன் கருவியைத் தூக்கிக்கொண்டு வெயிலில் அலைபவன். அவள் உள்ளே உட்கார்ந்து கணக்குப் போடுபவள். பன்னிரண்டு வருடமாக அவன் கொண்டுவரும் கோணங்களையும் தூரங்களையும் எக்செல்லில் ஏற்றி நிலமாக்குவது அவள்தான். அலுவலகத்தில் அவளுக்கு ‘டெசிமல்’ என்று பெயர். டீயைக்கூட மூன்று தசம இடம் வரை அளந்துதான் குடிப்பாள் என்று கிண்டல் செய்வார்கள்.

அப்பா இருக்கும்போதே நிலத்தைச் சரிபாதியாகப் பிரித்து, கல் நட்டு, பத்திரமும் எழுதிவிட்டார். ஆளுக்கு ஆயிரத்து இருநூற்றைம்பது சதுர மீட்டர். வீடு அண்ணன் பக்கம், அந்த வீட்டுக்குத் தண்ணீர் தரும் கிணறு அவள் பக்கம். அம்மா அண்ணனோடு அந்த வீட்டில் இருந்தாள்; இவள் டவுனில்.

ஒவ்வொரு கோட்டின் திசைக்கோணத்தையும் கண்டு, சைன், கொசைன் போட்டு, வடக்கே எவ்வளவு, கிழக்கே எவ்வளவு என்று பிரித்தாள். கோடுகள் சுற்றி வந்து கிளம்பிய புள்ளியைத் தொட்டபோது ஏழு மில்லிமீட்டர்தான் பிழை. அண்ணன் கை அண்ணன் கைதான் என்று பெருமையாக இருந்தது. அடுத்த கட்டத்தில் பரப்பு வந்தது: 1162.

எண்பத்தெட்டு குறைந்தது. அண்ணனைச் சந்தேகிக்கத் தோன்றவே இல்லை. தன் ஃபார்முலாவில்தான் ஏதோ செல் விட்டுப்போயிருக்கும் என்று நினைத்தாள். புது ஷீட்டில் எல்லாவற்றையும் திரும்ப அடித்தாள். அதே எண். கால்குலேட்டரில் கையால் போட்டாள். அதே எண். கடைசியில் பத்திரத்தில் இருந்த அளவுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். மூன்று மூலைகள் பொருந்தின. நான்காவது, அண்ணன் எல்லையில் கிணற்றோரம் இருந்த மூலை, அவள் நிலத்துக்குள் நான்கு மீட்டர் தள்ளியிருந்தது. கிணறு அண்ணன் பக்கம் போயிருந்தது.

மறுநாள் லீவு போட்டுவிட்டுப் போனாள். புதிதாக அடித்த முளை சிவப்பு பெயின்ட்டோடு நின்றது. கிணற்றைத் தாண்டி, புல்லை விலக்கினால் அப்பா நட்ட கல்.

வீட்டில் அண்ணன் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தான். அம்மா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“கல்லு கிணத்துக்கு இந்தப் பக்கம் இருக்கு. ஏன் அந்தப் பக்கம் அளந்தே?”

“புல்லு மூடிக் கிடந்துச்சு. கண்ணுல படல.”

“அந்த மூலையில பிரிசம் கம்பியைப் பிடிச்சு நின்னது யாரு?”

அவன் அடுத்த பொத்தானைப் போட்டான்.

“நான்தான்,” என்றாள் அம்மா.

“கல்லு எங்க இருக்குன்னு உனக்குத் தெரியாதாம்மா?”

“தெரியும். அவன் நிக்கச் சொன்ன இடத்துல நின்னேன்.” கத்தியைக் கீழே வைத்தாள். “உனக்கென்னடி, குழாயைத் திருகினா தண்ணி வருது. இங்க கிடக்கிறது நாங்கதானே?”

“கேட்டிருந்தா எழுதியே குடுத்திருப்பேனேம்மா.”

“தங்கச்சிகிட்டப் போய் கையேந்தணுமா?” என்றான் அண்ணன்.

“கேக்கத்தான் வெக்கம். அம்மாவைத் தப்பான இடத்துல நிறுத்த வெக்கமில்லையா?”

“ரொம்பப் பேசாதே.”

“நானே மறுபடி அளக்கிறேன்.”

“அள. கம்பி பிடிக்க யாரு வர்றாங்கன்னு பாக்கலாம்.”

யாரும் வரவில்லை. வெளியிலிருந்து ஒரு சர்வேயரை அழைத்துவந்தாள். அவனே ஆளையும் கூட்டிவந்தான். வேலை நடந்த அரை நாளும் வீட்டுக் கதவு சாத்தியே இருந்தது. 1250.4 வந்தது. அந்த வரைபடம்தான் பதிவானது. அண்ணன் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு அலுவலகத்தில் வேறு குழுவுக்குப் போனான்.

அம்மாவுக்குப் போன் செய்தாள். “தண்ணி எப்பவும்போல எடுத்துக்கோங்கம்மா.”

“சரி,” என்றாள் அம்மா. போனை வைத்துவிட்டாள்.

மூன்றாம் மாதம் வேலி போட ஆளோடு போனபோது, அண்ணன் பக்கத்தில் போர்வெல் போட்டு முடித்திருந்தார்கள். அம்மா குழாயடியில் குடம் நிரப்பிக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்தாள். குடம் பாதிகூட நிறையவில்லை. இடுப்பில் எடுத்து வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.