இரண்டு இஞ்சாருங்கோ

2005ஆம் ஆண்டு, வவுனியாவில் எழுதுவினைஞராக இருந்த ஜெகதீஸ்வரிக்குக் கனடாவிலிருந்து அண்ணன் ஒரு ஸ்மார்ட்போன் அனுப்பியிருந்தார். வயரைக் கணினியில் சொருகினால் இரண்டிலும் உள்ள பெயர்களும் இலக்கங்களும் ஒன்றாகிவிடுமாம். தான் வேலைசெய்யும் கந்தோரின் கணினியில் சொருகினாள். கூட வேலை செய்யும் கௌசலாவும் முன்பு தன் போனை அதிலேதான் இணைத்திருந்தாள். “ஒரே பெயர்களை ஒன்றாக்கவா?” என்று கணினி ஆங்கிலத்தில் கேட்டது. நல்ல விஷயம்தானே என்று ஓம் கொடுத்தாள்.

மறுநாள் அவளுக்குப் பெரிய அவசரம். சில நாட்களுக்கு முன், மீசையை எடுத்துவிட்டு வந்த கணவர் யோகநாதனைப் பார்த்து விருந்தாளிகளுக்கு முன்னால் சிரித்துவிட்டாள். கோபித்துக்கொண்டு போனவர், தான் வேலைசெய்யும் இரும்புக்கடையிலேயே படுத்துக்கொள்கிறார். பின்னேரம் உருத்திரபுரத்திலிருந்து அவளுடைய அம்மாவும் அப்பாவும் வருகிறார்கள். அதற்குள் மனிதர் வீட்டில் நிற்க வேண்டும்.

“பிழை என்னிலதான். வீட்ட வாங்கோ” என்று குறுஞ்செய்தி அனுப்பினாள்.

“ஆர் நீங்கள்?” என்று பதில் வந்தது.

எப்போதும் ‘நீர்’ என்பவர், ‘நீங்கள்’ என்கிறாரே! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“உங்கட மனிசி!”

“என்ர மனிசி பக்கத்தில இருந்து தேத்தண்ணி குடிக்கிறா.”

உடனே ஜெகதீஸ்வரியின் போன் அடித்தது.

“ஆரடி நீ, என்ர மனிசனை வீட்ட கூப்பிடுறவள்?”

அன்று லீவில் நின்ற கௌசலாவின் குரல்!

“கௌசலா, நானடி, ஜெகதீஸ்வரி!”

“அக்காவோ? உங்கட ஆளை போனில என்னெண்டு போட்டு வச்சிருக்கிறியள்?”

“நான் அவரைக் கூப்பிடுற மாதிரியே, இஞ்சாருங்கோ எண்டுதான்.”

“நாசமாப் போச்சு. நானும் அப்பிடித்தான்.”

ஒரு இஞ்சாருங்கோவுக்கு ஒரு இலக்கம் போதும் என்று கணினி தீர்மானித்து, யோகநாதனின் இலக்கத்தை அழித்துவிட்டுக் கௌசலாவின் கணவருடையதை வைத்திருக்கிறது. அழிந்த இலக்கமோ அவளுக்கு மனப்பாடம் இல்லை.

கந்தோர்ச் சுவரில் இரும்புக்கடையின் கலண்டர் தொங்கியது. அதிலிருந்த இலக்கத்துக்கு அடித்தாள். கடை முதலாளி ஜவாஹிர் எடுத்தார்.

“ஆரோட கதைக்கணும், தங்கச்சி?”

“அவரோட.”

“இங்க நாலு அவர் வேலை செய்யிறாங்க. பேரைச் சொல்லுங்க.”

கலியாணம் முடித்த நாளிலிருந்து அவள் வாயில் வராத பெயர். கந்தோர் முழுவதும் பேனையை வைத்துவிட்டு அவளையே பார்த்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

“யோகநாதன்!”

அந்தச் சத்தம் ரிசீவரைத் தாண்டிக் கடைக்குள்ளும் கேட்டிருக்க வேண்டும். ஆரோ ஆணிப்பெட்டியைக் கீழே போட்டார்கள். பிறகு அவருடைய குரல் வந்தது.

“என்னப்பா, கடை முழுக்கக் கேக்குது.”

“அம்மா ஆக்கள் பின்னேரம் வருகினம். வாங்கோவன்.”

“வாறன். ஆனா இன்னொருக்காச் சொல்லும்.”

“சிரிச்சது பிழை எண்டோ?”

“அதில்லை. பேரை.”