ஓகஸ்ற்றில் வரும் என்று சொன்னவள்

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து, எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் றொஷான் அந்தக் கதையை எடுத்தான். கொழும்பு இறக்குமதிக்காரர் ஒருவர் போட்டிக் கம்பனியின் புரொசசர்களை இருப்பில் வைத்துக்கொண்டு, வேண்டுமா வேண்டுமா என்று கேட்கிறாராம். புதன்கிழமை பதில் சொல்ல வேண்டுமாம். வேண்டாம் என்றுதான் சொல்லப் போகிறானாம். ஓகஸ்ற்றில் புதியது வருகிற நேரம் இதைத் தன் கொம்பியூட்டர் கடையில் அடுக்கி வைத்துக்கொண்டு நிற்கத் தனக்கென்ன விசரா என்று கேட்டுவிட்டு, தங்கையைப் பார்த்துச் சிரித்தான்.

"எங்கடை நிரோஜா சோதிச்சு விடுற சிப் வரேக்கை மற்றவன்ரை சாமான் எனக்கெதுக்கு?"

நிரோஜா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். வாய்க்குப் போகவில்லை. இறைச்சிக் கறி உறைப்போ என்று தாய் நேசம்மா கேட்டார். இல்லை, தலையிடி என்று சொல்லிவிட்டு எழும்பிக் கைகழுவப் போனாள். அவளுக்குத் தலையிடியும் இல்லை, காய்ச்சலும் இல்லை. ஓகஸ்ற்றில் அந்தச் சிப் வராது என்பது அவளுக்கு வெள்ளிக்கிழமையே தெரியும். அவ்வளவுதான்.

நிரோஜாவின் வேலை அப்படிப்பட்டது. யாழ்ப்பாணம் நகரத்தில், ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் இயங்கும் சிறிய நிறுவனம் ஒன்றில் அவள் பொறியியலாளர். வெளிநாட்டிலிருக்கும் ஒரு பெரிய புரொசசர் கம்பனி, சந்தைக்கு விடுவதற்கு முன்பு தன் மாதிரிச் சிப்புகளைச் சோதிக்கும் வேலையில் ஒரு பகுதியை இவர்களிடம் கொடுத்திருந்தது. சிப்புகள் அங்கே ஆய்வுகூடத்தில் இருக்கும். இவர்கள் இங்கிருந்தபடியே அவற்றை இயக்கி, வதைத்து, எங்கே தடுமாறுகின்றன என்று பார்ப்பார்கள். அந்தப் பெரிய கம்பனிக்கு ஏற்கெனவே இரண்டு தரம் தவணை தவறியிருந்தது. அந்த இடைவெளியில் போட்டிக் கம்பனி முந்திக்கொண்டது. இந்தத் தரமும் பிந்தினால் மானம் போய்விடும் என்று அங்கே எல்லோரும் அந்தரப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

றொஷானின் கடை பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்தது. கொம்பியூட்டர் பூட்டிக் கொடுப்பதும் திருத்துவதும் அவன் தொழில். அவனுக்கு இந்த வருடம் பெரிய ஓடர் ஒன்று கிடைத்திருந்தது. குருநகரைச் சேர்ந்த ஜெறோம் என்பவர் அரியாலையில் கார்ட்டூன் படங்கள் செய்யும் ஸ்ரூடியோ ஒன்று நடத்துகிறார். வெளிநாட்டுச் சிறுவர் தொடர் ஒன்றின் வேலை அவருக்கு வந்திருந்தது. செப்ரெம்பரில் தொடங்க வேண்டும். அதற்கு வேகமான இயந்திரங்கள் தேவை. அவர் முதலில் போட்டிக் கம்பனியின் புரொசசரைத்தான் கேட்டார். கொஞ்சம் பொறுங்கள், ஓகஸ்ற்றில் இதைவிடத் திறமானது வருகிறது என்று அவரை மறித்தவன் றொஷான்.

றொஷானுக்கு அதைச் சொன்னது நிரோஜா.

மே மாதத்தில் ஒருநாள் சோதனைகளெல்லாம் ஒன்றுவிடாமல் சித்தியடைந்த சந்தோசத்தில், வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்த முன்னமே, "அண்ணை, ஓகஸ்ற் கட்டாயம்" என்று சொல்லியிருந்தாள். சொல்லக்கூடாது என்று கையெழுத்து வைத்த விசயம் அது. ஆனால் நல்ல செய்திதானே, யாருக்கு என்ன குறை என்று அப்போது நினைத்தாள். உண்மையைச் சொன்னால், தமையன் தன்னை ஒரு பெரிய ஆளாகப் பார்த்த அந்தப் பார்வை அவளுக்குப் பிடித்திருந்தது.

சிப்பில் இருந்த பிழையைக் கண்டதும் அவள்தான். சிப்புக்குள் பல கருக்கள், கணக்குப் போடும் சின்ன மூளைகள், ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன. ஒரு கரு ஒரு கணக்கை மாற்றினால் மற்றக் கருக்களுக்கு அது உடனே தெரிய வேண்டும். வியாழக்கிழமை அவள் எழுதிய சோதனையில், அபூர்வமாக, ஒரு கருவுக்கு அது தெரியாமற் போனது. ஒரே கறிக்கு இரண்டு பேர் ஆளையாள் அறியாமல் உப்புப் போட்டதைப்போல விடை பிழைத்தது. அவளுடைய குழுத் தலைவர் கஜானன், சோதனையில்தான் ஏதோ பிசகு இருக்கும், திரும்ப ஓட்டிப் பாரும் என்றார். ஓட்டினாள். வேறொரு சிப்பில் ஓட்டினாள். அவரும் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்து பார்த்தார். பிழை சிப்பில்தான் என்பது மத்தியானத்துக்குள் இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை அந்தப் பெரிய கம்பனியின் ஆட்கள் இணையவழிக் கூட்டத்தில் வந்தார்கள். அவளுடைய பெயரைச் சொல்லி நன்றி சொன்னார்கள். அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. பிறகு அவர்களில் ஒருவர், சிப்பைத் திருத்தித் திரும்ப ஆலைக்கு அனுப்ப வேண்டும், ஓகஸ்ற் போய்விட்டது என்று சாதாரணமாகச் சொன்னார். அப்போதுதான் அவளுக்கு அண்ணையின் ஞாபகம் வந்தது.

திங்கட்கிழமை காலையிலேயே அவள் கஜானனிடம் போய், இதை எப்போது வெளியில் அறிவிப்பார்கள் என்று கேட்டாள். அவர் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். முதலில் பங்குதாரர்களுக்கு அறிவிக்க வேண்டும், அதற்குச் சில வாரங்கள் எடுக்கும், அதுவரைக்கும் ஒரு சொல் வெளியில் போனாலும் அந்தக் கம்பனி இந்த வேலையையே இங்கிருந்து எடுத்துவிடும். இந்த மேல்மாடியில் இருக்கிற பிள்ளைகள் எல்லோரும் வேலை தேடிக் கொழும்புக்குத்தான் பஸ் ஏற வேண்டிவரும்.

"நீர் ஒருதருக்கும் ஒண்டும் சொல்லேல்லைத்தானே?"

இல்லை என்றாள். வாய் தானாகவே சொன்னது.

அதற்குப் பிறகு அவளுக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து, கடைக்குப் போவதென்று புறப்பட்டு, கடையைக் கடந்து போய், சந்தைப் பக்கம் திரும்பி, மறுபடியும் கடையைக் கடந்தாள். உள்ளே றொஷான் யாருக்கோ எதையோ கழற்றிக் காட்டிக்கொண்டிருந்தான். நல்லூர் வரைக்கும் ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டே ஒரு வசனத்தைத் தேடினாள். உண்மையைச் சொல்லாமலும், பொய் சொல்லாமலும், அவனைத் தடுக்கிற மாதிரி ஒரு வசனம். வீதி முழுக்க ரியூசன் விட்டு வந்த பிள்ளைகளின் சைக்கிள்கள். ஒன்றில் முட்டப் பார்த்து, ஏச்சு வாங்கிக்கொண்டு வீடு வந்தாள். வசனம் அகப்படவில்லை.

புதன்கிழமை அரைநாள் லீவு சொல்லிவிட்டு நேரே கடைக்குப் போனாள். கொஞ்சத்தையாவது போட்டிக் கம்பனியிடம் எடுத்தால் என்ன, ஒன்றையே நம்பியிருக்கக்கூடாது என்று பொதுவாகச் சொல்லிப் பார்த்தாள். றொஷான் சிரித்தான். உனக்குச் சம்பளம் தருகிறவன் இதைக் கேட்டால் அழப் போகிறான் என்றான். அந்த நேரம் பார்த்து இறக்குமதிக்காரரின் அழைப்பு வந்தது. அவன் போனைக் கையால் பொத்திக்கொண்டு அவளைப் பார்த்தான். இப்போது அவன் முகத்தில் சிரிப்பில்லை.

"ஏன் இப்ப இப்பிடிக் கேக்கிறாய்? ஏதும் பிந்துதே?"

"அண்ணை, அதைப் பற்றி இனி நான் உங்களோடை கதைக்கேலாது. முந்திக் கதைச்சதும் பிழை."

அவன் அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தான். பிறகு அவன் தோள்கள் தளர்ந்தன. ஒஃபீசில் ஏச்சு வாங்கிவிட்டாயா, அதுதானா இந்த முகம் என்று கேட்டான். பாவம், பயப்படாதே, நான் ஒருவருக்கும் உன் பெயரைச் சொல்லவில்லை என்றான். பிறகு போனைக் காதில் வைத்து, வேண்டாம் என்று சொன்னான்.

அப்படியில்லை என்று சொல்ல அவளுக்கு அப்போது நேரம் இருந்தது. வாயும் திறந்தது. கஜானனும் மேல்மாடிப் பிள்ளைகளும் கண்முன் வந்து நிற்க, வாயை மூடிக்கொண்டாள். அவன் வாங்கித் தந்த சர்பத்தைக் குடித்துவிட்டு வந்தாள்.

அதன் பிறகு அவள் நித்திரையில்லாமல், சாப்பாட்டில் மனமில்லாமல், எந்நேரமும் போனைத் தட்டித் தட்டிச் செய்தி பார்த்துக்கொண்டு திரிந்தாள். அறிவிப்பு வந்துவிடக்கூடாது என்றும் இருந்தது, கெதியில் வந்து தொலையட்டும் என்றும் இருந்தது. நேசம்மா கலியாணப் பேச்சு ஏதும் மனத்தில் இருக்கிறதோ என்று சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தார்.

நல்லூர்த் திருவிழாவுக்கு வீதிகளை மறிக்கத் தொடங்கியிருந்த ஒரு நாள் அறிவிப்பு வந்தது. புதிய புரொசசர் அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போகிறது, காரணம் தொழில்நுட்பக் குறைபாடு, வருந்துகிறோம். அன்றைக்கே போட்டிக் கம்பனி, தங்களுடையது தாராளமாகக் கிடைக்கும் என்று விளம்பரம் போட்டது. கொழும்பில் மட்டும் தாராளம் இல்லை. இறக்குமதிக்காரர் தன்னிடமிருந்ததை எல்லாம் விற்று முடித்திருந்தார்.

பின்னேரம் றொஷான் வந்தான். ஹெல்மெற்றைக் கழற்றாமல் முற்றத்திலேயே நின்றான்.

"உனக்கு எப்ப தெரியும்?"

"அண்டைக்குக் கடைக்கு வரேக்கையே தெரியும்."

"தெரிஞ்சுகொண்டே சர்பத் குடிச்சனீ."

"அந்தப் பிழையைக் கண்டுபிடிச்சதே நான்தான் அண்ணை."

அவன் மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். நேசம்மா வாசற்படியில் நின்று இரண்டு பேர் கதைத்ததையும் கேட்டுக்கொண்டிருந்தார். "நல்ல செய்தி சொல்லத் தெரிஞ்ச வாய்தானே பிள்ளை" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். அவர் உரத்து ஏசியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்த நாள் அவள் அரியாலைக்குப் போய் ஜெறோமைக் கண்டாள். ஓகஸ்ற்றில் வரும் என்று சொன்னது அண்ணை இல்லை, தான் என்றும், தன்னை நம்பியது அவன் குற்றமில்லை என்றும் சொன்னாள். ஜெறோம் அவளை வியப்போடு பார்த்தார். றொஷான் முதல்நாளே வந்து, தான்தான் பிழையாகக் கணித்துவிட்டதாகச் சொன்னானாம். தங்கச்சி என்ற சொல்லே அவன் வாயில் வரவில்லையாம். அதைக் கேட்டதும் அவள் கண் கலங்கியது. ஜெறோம் ஜன்னலுக்கு வெளியே கடலைப் பார்த்துக்கொண்டு, தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார். தனக்கு ஆத்திரந்தான், ஆனால் வேலை தொடங்க வேண்டும் என்றார். பாதி வேலையை வேறு ஸ்ரூடியோவுக்குக் கொடுத்தாகிவிட்டது. மீதியைப் பழைய இயந்திரங்களைத் தொடுத்துச் செய்ய முடியுமா என்று றொஷான் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

அங்கிருந்து அவள் நேரே ஒஃபீசுக்கு வந்து, மே மாதத்தில் வீட்டில் சொன்னதைக் கஜானனிடம் சொன்னாள். அவர் கேட்டபோது இல்லை என்று சொன்னதையும் சொன்னாள். அவர் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார். "இதை நீர் எனக்குச் சொல்லாமல் விட்டிருக்கலாம். இப்ப நான் மேலை சொல்லத்தான் வேணும்" என்றார். சொன்னார். பிழையைக் கண்டுபிடித்தவள் என்பதால் வேலை போகவில்லை. ஆனால் மாதிரிச் சிப்புகள் பக்கம் அவள் இனிப் போகக்கூடாது என்று முடிவாயிற்று. திருத்திய சிப் வந்தபோது அதைச் சோதிக்கும் வேலை லவீனா என்ற புதுப் பெண்ணுக்குப் போனது. லவீனா தன் திரையைச் சற்றே திருப்பி வைத்துக்கொண்டு வேலை செய்தாள். நிரோஜாவுக்கு அது வலித்தது. ஆனாலும் அந்தப் பிள்ளை செய்வது சரிதான் என்று தெரிந்திருந்தது.

றொஷான் பல கிழமைகள் அவளோடு கதைக்கவில்லை. பழைய இயந்திரங்களை வாங்கிப் பூட்டி, அரியாலையில் கொண்டுபோய் வைத்து, சூடு தாங்காமல் ஒவ்வொன்றாக நிற்க, திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தான். அவன் மெலிந்துபோனதை அவள் ஞாயிறு ஆராதனையில், கோயிலின் பின்வரிசை வாங்கிலில் இருந்து பார்த்தாள்.

மாரி தொடங்கிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழைக்கு ஒதுங்கிக் கோயில் விறாந்தையில் இரண்டு பேரும் பக்கத்தில் நிற்க வேண்டிவந்தது. அவன் மழையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"நீ ஒஃபீசிலை அதைச் சொல்லாமல் விட்டிருந்தால், ஓகஸ்ற்றிலை வந்திருக்குமோ?"

"ஓம்."

"பிழையோடை?"

"ஓம். உங்கடை கடையாலைதான் ஜெறோமண்ணையிட்டைப் போயிருக்கும்."

அவன் தலையாட்டினான். அது மன்னிப்பா, வெறும் தலையாட்டலா என்று அவளால் சொல்ல முடியவில்லை. ஆனாலும் கடையில் தனக்கு ஒரு வார்த்தை குறிப்புக் காட்டியிருக்கலாம் என்றான். அவள் மறுக்கவில்லை. மழை கொஞ்சம் விட்டது. சனங்கள் குடைகளை விரித்துக்கொண்டு இறங்கத் தொடங்கினார்கள். அவன் மோட்டார் சைக்கிள் திறப்பைக் கையிலெடுத்துவிட்டு, பழைய பழக்கத்தில், புதியது எப்போதாம் என்று கேட்டான். கேட்ட பிறகுதான் கேட்டதை உணர்ந்தவன்போல முகத்தைத் திருப்பினான்.

"தெரியாது அண்ணை. இப்ப எனக்கு மெய்யாவே தெரியாது."

அவன் அவளை நம்பினான் என்று அவளுக்குத் தெரிந்தது. ஏறு என்றான். அவள் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.