பரணிலிருந்து இறங்கிய ஹீல்ஸ்

அந்த மே மாதம் ஏற்காட்டுக்கு வந்த பெண்களில் பாதிப் பேர் வெட்ஜ் ஹீல்ஸ் போட்டிருந்தார்கள். குதிகாலிலிருந்து விரல்வரை ஒரே கட்டையாகச் சரிந்து இறங்கும் அந்தச் செருப்பை யாரும் சீந்தாமல் விட்டுப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. செருப்புக் கடை ஷஹீதாவுக்கு உடனே பரண் ஞாபகம் வந்தது.

"அப்ப விக்காம கெடந்தது இருபது ஜோடி இருக்கு கண்ணு. தொடைச்சு முன்னால அடுக்கு. நம்ம பழைய சரக்கு திரும்ப ஃபேஷனாயிருச்சு பாரு!"

கடையில் வேலை பார்க்கும் மேனகா பெட்டிகளை இறக்கினாள். ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். கிளியூரிலிருந்து வந்து போவாள். நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச அவளுக்கு நாக்கு எழாது.

துடைக்கும்போது ஒரு ஜோடியின் அடிக்கட்டையில் அவள் கட்டைவிரல் புதைந்தது. நனைந்த ரஸ்க் மாதிரி உதிர்ந்தது. இத்தனை வருஷ மலை ஈரத்தில் உள்ளே மக்கிப்போய், மேலே மினுமினுப்பு மட்டும் மிச்சமிருந்தது.

சொல்லத்தான் திரும்பினாள். ஷஹீதா முகமெல்லாம் சிரிப்பாக வாசலில் அட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். மேனகா அந்த ஜோடியைப் பெட்டிக்குள் திணித்து அடியில் தள்ளினாள். மற்றவை நன்றாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். ஒன்றைக்கூட அழுத்திப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை வெள்ளக்கடையிலிருந்து கலா என்ற பெண் வந்தாள்.

"ஏனுங்க்கா, ஒசரமாக் காட்டற செருப்பு இருக்குதுங்களா? ரிசார்ட்டுல ரிசப்ஷன் வேலைக்குப் பத்தரைக்கு வரச் சொல்லியிருக்காங்க. போன தடவ, கவுண்டருக்கு மேல தலை மட்டுந்தான் தெரியுதுன்னு சிரிச்சுப் போட்டாங்க."

"வெட்ஜ் போடு. மூணு அங்குலம் ஏறிருவ. மேனகா, மாட்டி விடு."

மேனகா குனிந்து அமர்ந்து வார்களை மாட்டினாள். கலா கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"எங்கூட்டுல பாத்தா யாரோன்னுதான் நெனப்பாங்க. நல்லாருக்குதா கண்ணு?"

"நல்லாருக்குங்க்கா" என்றாள் மேனகா.

பன்னிரண்டு மணிக்குக் கலா வெறுங்காலோடு திரும்பி வந்தாள். கையிலிருந்த பையில் இரண்டு செருப்பும் அடி பிய்ந்து கிடந்தன.

"மன்னிச்சுக்கங்க்கா. இதெல்லாம் போட்டுப் பழக்கமில்லீங்க. நடக்கத் தெரியாம ஒடச்சுப்போட்டேன். ரிசார்ட் கேட்டுக்கிட்டயே ஒடஞ்சிருச்சு. வாட்ச்மேன் சிரிச்சாரு. உள்ள போக நொம்ப வெக்கமாப் போச்சு, திரும்பிட்டேன். உட்டுட்டுப் போன என் ரப்பர் செருப்பக் குடுங்க."

"ஹீல்ஸ்ல நடக்க ஒரு வாரமாவது பழகோணும் கண்ணு" என்றாள் ஷஹீதா.

"ஆமாங்க. என் தப்புதான்."

மேனகாவுக்குக் காது சூடேறியது.

"அந்தக்கா தப்பில்லீங்க." மேனகா ஷஹீதாவின் பக்கம் திரும்பினாள். "நேத்தே ஒரு ஜோடி உதுந்துச்சுங்க. நாந்தான் ஒளிச்சு வெச்சேன்."

ஷஹீதா அடுக்கிலிருந்த இன்னொரு ஜோடியை எடுத்து அழுத்தினாள். உதிர்ந்தது. அதை அப்படியே தரையில் போட்டாள்.

"வா கண்ணு, ஸ்கூட்டியில நானே கூட்டிட்டுப் போறேன். எங்க சரக்குதான் கெட்டதுன்னு சொல்றேன்."

"வேற ஆள் எடுத்துட்டாங்கன்னு இப்பத்தான் போன் வந்துச்சுங்க்கா."

கலா ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு மேனகாவின் பக்கம் திரும்பினாள்.

"என் காலப் புடிச்சு நீதான மாட்டி உட்ட? அப்பயாவது சொல்லியிருக்கலாமில்ல?"

கோபமே இல்லாமல்தான் கேட்டாள். பிறகு படியிறங்கி பஸ் ஸ்டாண்டு பக்கம் போனாள். மேனகா அவள் நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஷஹீதா இரண்டு முறை கூப்பிட்டும் நிமிரவில்லை.