துக்க வீட்டில் சொன்ன வார்த்தை

இஞ்ஞாசியம்மாள் டீச்சருக்கு 'யெட்' என்ற இங்கிலீஷ் சொல்லின் மேல் அப்படியொரு வெறி. இன்னும் நடக்காத காரியத்தை அந்தச் சொல்லை வைத்துத்தான் சொல்ல வேண்டும். கடைசி பெஞ்சு சண்முகவள்ளிக்கு மட்டும் அது வரவே வராது. பாவி, அடி வாங்கிக்கொண்டே இருந்தாள்.

மஞ்சள் காமாலையில் அவள் செத்ததும் வகுப்பே அவள் ஊரான வடமதுரைக்குப் போனது. கிளம்பும்போது டீச்சர் பழக்கதோஷத்தில் அவள் அம்மாவிடம், "போயிட்டு வாரேம்மா" என்று சொல்லிவிட்டார். துக்க வீட்டில் யாராவது அப்படிச் சொல்வார்களா? வாயைத் திறக்காமல் எழுந்து வர வேண்டாமா? அவள் சித்தப்பா பதறிப்போனார்.

"ஏம்மா, இங்க அப்படிச் சொல்லப்படாதும்மா!"

"அதெல்லாம் மூடநம்பிக்கை" என்று சொல்லிவிட்டு டீச்சர் பஸ் ஏறினார்.

திங்கட்கிழமை காலை, வழக்கம்போல, "யெட் வச்சு ஒரு வாக்கியம் சொல்லுங்க" என்றார். நாங்கள் யாரும் அசையவில்லை. ஆளில்லாத கடைசி பெஞ்சு கிரீச்சென்று பின்னால் நகர்ந்தது, யாரோ எழுந்து நிற்பதுபோல. பிறகு சண்முகவள்ளியின் குரல், ஒரு பிழையும் இல்லாமல்:

"யூ ஹேவ் நாட் கம் யெட், டீச்சர்."

வாரேன் என்று சொன்னவர் இன்னும் வரவில்லையாம்.