மாலை ஆறு ஒன்பது

மணிவண்ணன் சார் எங்கள் தெருவுக்குள் பைக்கைத் திருப்பியபோது சனிக்கிழமை மாலை ஐந்தேகால். நான் வாசலில் லோடு ஆட்டோவின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சேதராப்பட்டு ரப்பர் கம்பெனியின் மேனேஜர் வில்லியனூரைத் தாண்டி எங்கள் வீடு தேடி வருகிறார் என்றால், என் மனைவி சுகந்தியின் வேலை போனதை நேரில் சொல்லத்தான் இருக்கும். அவர் சட்டைப் பையில் நீளமான கவர் ஒன்று துருத்திக்கொண்டிருந்தது.

நியாயமாகப் பார்த்தால் போகவேண்டிய வேலைதான். ஆறு வருஷம் கான்ட்ராக்டில் ரப்பர் வளையங்களைச் செக்கிங் செய்தவள், பர்மனென்ட் ஆகப்போகிற நேரத்தில் இப்படிச் செய்வாளா? நாங்கள் தலைமுறை தலைமுறையாக மாதா கோயில் ஆட்கள். ஞாயிறு பூசை, பூசை முடிந்ததும் கறிக்கடை, அதற்குமேல் தூக்கம் என்று ஆண்டவரின் நாளை ஒழுங்காக அனுசரித்து வந்தவன் நான். மூன்று வருஷத்துக்கு முன்னால் சுகந்தி சனிக்கிழமை கூடுகிற ஒரு சின்னச் சபைக்குப் போக ஆரம்பித்தாள். ஓய்வுநாள் ஏழாம் நாள்தான், வேதத்தில் அப்படித்தான் இருக்கிறது, மாற்ற நாம் யார் என்றாள். ஓய்வுநாளை அனுசரி என்பது பத்துக் கட்டளைகளில் எங்கள் மறைக்கல்வியில் மூன்றாவது, அவள் சபையில் நான்காவது. கட்டளை ஒன்றுதான், நம்பரிலேயே சண்டை. "எங்க வூட்ல வாரத்துக்கு ரெண்டு ஞாயித்துக்கிழம" என்று டீக்கடையில் சொல்லிச் சிரிப்பேன். ஆனால் அவள் என்னோடு ஒரு நாளும் வாதாடியதில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் சம்பளம் வேண்டாமென்று எழுதிக்கொடுத்துவிட்டு லீவு எடுத்தாள்.

வியாழக்கிழமை ராத்திரி சாப்பாட்டின்போது விஷயத்தைச் சொன்னாள். "சனிக்கிழம ஆய்வுக்கு ஹெட் ஆபீசுலேர்ந்து ஆளுங்க வராங்களாம். நீ கண்டிப்பா இருக்கணும், இல்லன்னா திங்கக்கிழம கம்பெனி கேட் கிட்டயே வராதன்னு மணிவண்ணன் சார் சொல்லிட்டாரு."

"நீ இன்னா சொன்ன?"

"வரமாட்டேன்னேன்."

"ஆறு வருசம்டி. ஒரே ஒரு சனிக்கிழம. கடவுள் இன்னா கணக்குப் பாக்கப் போறாரா?"

"ஒண்ண வுட்டா எல்லாம் போயிடுங்க" என்றாள். அதற்குமேல் ரசத்தை ஊற்றினாள், பேச்சு முடிந்தது.

வெள்ளிக்கிழமையை அவள் ஆயத்த நாள் என்பாள். சனிக்கிழமை அடுப்பு எரியாது. அதனால் வெள்ளி விடியும் முன்பே எழுந்து இரண்டு நாளுக்கும் சமைப்பாள். புளிச்சோறு கிளறி வைப்பாள், குடங்களை நிரப்புவாள், என் சட்டைக்குப் பொத்தான் இருக்கிறதா என்றுகூடப் பார்ப்பாள். வெள்ளி சூரியன் மறைந்ததும் தொடங்கி சனி சூரியன் மறைவதோடு முடிவது அவள் ஓய்வுநாள்; அந்த இரண்டு நேரத்தையும் சமையலறைக் கதவில் சாக்பீஸால் எழுதி வைப்பாள். இந்த வாரம் 6.08, 6.09. அந்த வெள்ளிக்கிழமை ஐந்தே முக்காலுக்கு வரவேண்டியவள் வரவில்லை. ஆறு ஐந்துக்குச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் ஓடிவந்தாள். இன்னாடி இவ்வளவு நேரம் என்றால், "நாளைக்கு வேண்டியதெல்லாம் எடுத்து வெச்சிட்டு வந்தேன்" என்றாள். போகப்போகிற வேலைக்கு இவ்வளவு அக்கறையா என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

மணிவண்ணன் சார் பைக்கை நிறுத்தினார். "இன்னா சேவியர், சுகந்தி போன் காலையிலேர்ந்து ஆஃப்லயே கெடக்குது?"

"சனிக்கிழம சார்" என்றேன். பிறகு கெஞ்சத் தொடங்கினேன். "அது கொஞ்சம் பிடிவாதம் சார். மனசுல வெச்சிக்காதீங்க, நான் எடுத்துச் சொல்றேன்."

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். மொதல்ல நான் சொல்றத கேளு." ஹெல்மெட்டைக் கழற்றாமலே சொல்ல ஆரம்பித்தார். காலையில் ஆய்வு நடந்துகொண்டிருக்கும்போதே மூன்றாவது மெஷின் ஓரம் கிழிந்த வளையங்களைத் தள்ளியிருக்கிறது. சுகந்தியின் இடத்தில் நின்றது சரண்யா, சேர்ந்து நாலு மாதமான பெண். அவள் பதறவில்லையாம். சுவரில் சுகந்தி ஒரு அட்டை மாட்டியிருந்தாள். என்னென்ன கோளாறு வருமோ அதற்கெல்லாம் மாதிரிக்கு ஒரு வளையத்தைத் தைத்து, என்ன செய்யவேண்டும் என்று தான் எழுதிவைத்த நோட்டின் பக்க எண்ணையும் பக்கத்தில் குறித்திருந்தாள். சரண்யா அட்டையைப் பார்த்தாள், நோட்டைப் புரட்டினாள், மெஷினைத் தானே நிறுத்தி அச்சின் சூட்டைக் குறைக்கச் சொன்னாள். பத்து நிமிஷத்தில் சரியாகிவிட்டது.

"வந்தவங்க இதை எழுதுனது யாருன்னு கேட்டாங்க. இன்னிக்கு வரலன்னு சொன்னேன். ஆளே இல்லாம வேலை நடக்குதே, அந்த ஆளைத்தான் செக்கிங் முழுசுக்கும் பொறுப்பா போடணும்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க." சட்டைப் பையைத் தொட்டுக்காட்டினார். "பர்மனென்ட் ஆர்டர்யா. சனிக்கிழம லீவு, எழுதியே குடுத்தாச்சி. ஞாயித்துக்கிழம மெஷின் கழுவுறப்ப எவனும் வரமாட்டான், அதைப் பாத்துக்கட்டும். ஆறு மணிக்குள்ள கையெழுத்து வாங்கி, போன்ல போட்டோ புடிச்சி ஹெட் ஆபீசுக்கு அனுப்பணும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன். உள்ளே ஓடினேன். சுகந்தி ஜன்னலோரம் உட்கார்ந்து வேதம் வாசித்துக்கொண்டிருந்தாள். சார் வாயாலேயே கேட்கட்டும் என்று, மேனேஜர் வந்திருக்கிறார் என்பதை மட்டும் சொன்னேன். முந்தானையைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்து கும்பிட்டாள். அவர் வாயைத் திறப்பதற்குள், "வாங்க சார், உக்காருங்க. புளிச்சோறு இருக்கு, சாப்டுங்க. வேலைப் பேச்சு மட்டும் இப்ப வேணாம் சார். ஆறு ஒம்போதுக்கு மேல பேசலாம்" என்றாள்.

"அம்மா, நல்ல விசயம்தான்மா."

"எதா இருந்தாலும் சார். நல்லதா இருந்தாலும், வேலையே இல்லன்னு சொல்றதா இருந்தாலும்." தட்டில் புளிச்சோற்றைப் போட்டு அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய் விட்ட இடத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்தாள். அவளுக்கு அந்தக் கவரில் என்ன இருக்கிறது என்று தெரியாது. தெரியாமலேதான் அப்படி உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டு வருஷம் குடித்தனம் செய்திருக்கிறேன், அன்றைக்குத்தான் அவளை முழுதாகப் பார்த்தேன்.

மணிவண்ணன் சார் சாப்பிட்டார். இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஐந்து ஐம்பதுக்கு அவர் போன் அடித்தது. எழுந்து நின்று பேசினார். "ஆமா சார். அந்தப் பொண்ணு வீட்டுலதான் சார் இருக்கேன். இல்ல சார், கையெழுத்து இன்னும் வாங்கல. ஒரு பத்து, இருவது நிமிசம் குடுங்க சார்." அந்தப் பக்கம் ஏதோ கத்தினார்கள். இவர் மேற்கே பார்த்துக்கொண்டு சொன்னார்: "சூரியன் மறையணும் சார்."

பிறகு அவர் உட்காரவில்லை. எதிரே எங்கள் தெரு அரங்கநாதனின் கரும்புக் கொல்லை, அதற்கு அப்பால் மேற்கு. இரண்டு பேரும் வாசற்படியைவிட்டு இறங்கி ரோட்டோரம் போய் நின்றோம். மாட்டை ஓட்டிக்கொண்டு வந்த அரங்கநாதன், என்னப்பா பார்க்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு அவனும் நின்றான். சூரியன் இறங்கினபாடில்லை. ஆறு நாலுக்கு மணிவண்ணன் சாருக்குப் பொறுமை போய்விட்டது.

"கிட்டத்தட்ட மறைஞ்ச மாதிரிதான சேவியர் இருக்கு. உள்ள போய் சொல்லிடலாமா?"

எனக்கும் சொல்லத்தான் வாய் துடித்தது. ஆனால் கால் தானாக நகர்ந்து வாசலை மறித்துக்கொண்டது.

"இன்னும் அஞ்சி நிமிசம் இருக்கு சார்" என்றேன்.

அவர் பேனாவைத் திறந்து கையில் வைத்துக்கொண்டார். உள்ளே சுகந்தி பக்கம் திருப்புகிற சத்தம் கேட்டது. கரும்புத் தோகைகளுக்கு மேல் செக்கச்செவேலென்று ஒரு விளிம்பு இன்னும் மிச்சம் இருந்தது.