நாய்க்குட்டியின் பல்வலி

நாய்க்குட்டிக்குப் பல் முளைக்கிறதாம். வெளியூர் போயிருந்த மகன் போனிலேயே உருகினான்.

"தர்பூசணியை விதை எடுத்து அரைச்சு, ஐஸ் ட்ரேல ஊத்தி உறைய வைம்மா. ஈறு வலிக்கு இதமா இருக்கும்."

அம்மா தன் கடைவாய்ப்பல் ஒரு வாரமாக வலிப்பதை அவனிடம் இரண்டு முறை சொல்லியிருந்தாள். "உப்புத்தண்ணில கொப்பளிம்மா" என்பதோடு அது முடிந்துபோனது.

வீங்கிய கன்னத்தோடு உட்கார்ந்து விதை பொறுக்கினாள். உறைந்ததும் குட்டிக்கு ஒரு துண்டு வைத்தாள். இன்னொன்றைத் தன் வாயில் அடக்கிக்கொண்டாள். வலி மெல்ல மரத்தது.

வீடியோவில் வந்த மகன் முகம் சுளித்தான். "அம்மா, அது நாய்க்குச் செஞ்சது."

"தெரியும்டா. இந்த வீட்ல வைத்தியம் அதுக்குத்தானே நடக்குது. நான் பந்தியில பக்கத்துல உக்காந்துக்கிட்டேன்."

மகன் திரையில் குட்டியைத் தேடினான்.

"அவனுக்கு மிச்சம் இருக்காம்மா?"